தொண்டை கட்டிய ஹோன்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. புளத்கொகுபிட்டிய பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில் எனக்கு ஒரு சின்ன வயரிங் கடை இருக்கிறது. த்ரீவீலர், மோட்டார் சைக்கிள், தோட்டத்து லொறி, எது வந்தாலும் லைட், ஹோன், பெட்டரி வேலை பார்த்துக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு போனாலும் வேலை கைக்கு வந்துவிட்டது. ஆனால் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. கடையைப் பூட்டிவிட்டுச் சந்து முனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒரு பல்ப் மாட்டிக் கொடுத்தால்கூட அந்த வண்டி வீடு போய்ச் சேரும்வரை எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். "உங்களுக்குப் பதிலா கவலைப்பட ஒரு ஆள சம்பளத்துக்கு வைக்கலாங்க" என்பாள் என் மனைவி.

அன்றைக்குக் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். நாலு மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்துக்குள் இறங்கி என் வாசலில் நின்றன. எல்லாம் பழைய மாடல், ஆனால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஓட்டி வந்தவர்களும் பழைய மாடல்தான். அறுபதைத் தாண்டிய ஆட்கள். நாலு பேரும் ஒரே மாதிரிப் பச்சை ஜாக்கெட், முதுகில் பட்டாளத்துச் சின்னம் மாதிரி ஒன்று. அதைப் பார்த்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்க. தமிழன் என்றாலே பட்டாளம் நிறுத்தி அட்டை கேட்ட சண்டைக் காலம் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தக் கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

முன்னால் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வெள்ளைத் தாடியும் தொப்பையுமாக ஒரு முஸ்லிம் மனிதர், கேகாலைப் பக்கம். அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். என் கை எங்கே போனது என்பதைப் பார்த்துவிட்டார்.

"ஐடி கேக்க வரல்ல தம்பி," என்றார். "ஹோனுக்குத்தான் வந்த."

அதையே மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். அவர்கள் சந்தே அதிரச் சிரித்தார்கள். வெட்கத்தோடு நானும் சிரித்துவைத்தேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவர் நானா ஆகிவிட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

விஷயத்தை நானாதான் சொன்னார். அவர்கள் எல்லோரும் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனவர்கள். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு, மழையோ வெயிலோ, பையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிளை விட மனசு வராமல் ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பஜாருக்கு மேலே இருக்கும் தோட்டத்து மைதானத்துக்கு எல்லோரும் ஏறி வருவார்கள். வளைந்து வளைந்து ஏறும் அந்த ரோட்டில் ஓட்டுவது அவர்களுக்குப் பண்டிகை மாதிரி. அங்கே வைத்து, இறந்துபோன தங்கள் கூட்டாளிகளை நினைப்பார்கள்.

நினைப்பது என்றால் விளக்கேற்றி, மாலை போட்டுத் தலைகுனிந்து நிற்பது என்றுதான் நானும் எண்ணினேன். அவர்கள் வழக்கம் வேறு. கிளப்பில் ஒருவர் இறந்தால் அவருடைய சைக்கிளிலிருந்து ஹோனை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்வார்களாம். சைக்கிளைப் பிள்ளைகள் ஓட்டலாம், விற்கலாம், அது குடும்பத்தின் பாடு. ஹோன் கிளப்புக்கு. அதை ஒரு நீளமான பலகையில் பூட்டி, பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்துவிடுவார்கள். கூட்டத்தன்று தலைவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். உயிரோடு இருப்பவர் கை தூக்குவார். இறந்தவர் பேர் வந்தால் அவர் ஹோனை அழுத்துவார்கள். ஹோன்தான் அவருக்காகப் பதில் சொல்லும்.

அது கத்தி முடிந்ததும் அவரைப் பற்றி ஒரு கதை. கட்டாயம் சிரிப்புக் கதையாக இருக்க வேண்டும். யாராவது அழுதுவிட்டால், அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்ட பிளேட்டையெல்லாம் அழுத ஆளே கழுவ வேண்டும். முப்பது பேரின் எச்சில் பிளேட்டை நினைத்தாலே கண்ணீர் வந்த வழியே உள்ளே போய்விடும் என்றார் நானா.

பின்னால் வந்த த்ரீவீலரிலிருந்து அந்தப் பலகையை இறக்கினார்கள்.  பலகையை வைத்திருந்த வீடு ருவான்வெல்லையில். வைகாசி வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பலகை இரண்டு நாள் சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. ஒன்பது ஹோன், ஒன்பதும் துருப்பிடித்து ஊமையாகிவிட்டது. கேட்ட கடைகளில் எல்லாம், புதிதாக வாங்கிப் பூட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கூட்டமோ வருகிற ஞாயிறு.

நானா கடைசியில் இருந்த ஒன்பதாவது ஹோனில் விரலை வைத்தார். அதன் மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"மத்த எட்டும் கத்தாட்டிப் பரவால்ல தம்பி. இது மட்டும் கத்தணும்."

அந்த ஹோனுக்குச் சொந்தக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் இறந்தவர். ருவான்வெல்லைச் சிங்களவர். மைதானத்துக்கு மேலே இருக்கும் தோட்டத்து டிவிசனில் குடியிருந்து, கீழே ரப்பர் பால் வெட்டிய ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் கட்டி, அங்கேயே வீடு போட்டுத் தங்கிவிட்டவர். லீவில் வரும்போது கீழே பாலத்தடியிலிருந்தே ஒவ்வொரு வளைவிலும் ஹோன் அடித்துக்கொண்டு ஏறுவாராம். சத்தம் கேட்டதும் அந்த அக்கா அடுப்பில் கேத்தலை வைப்பார். சைக்கிள் வாசலுக்கு வரவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும். அவர் போன பிறகு, முந்தின கூட்டத்துக்கு எத்தனை தரம் கூப்பிட்டும் அந்த அக்கா வரவில்லை. இந்தத் தடவை ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார். சோறு தின்னவோ கதை கேட்கவோ வரமாட்டாராம். அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்கத்தான் வருவாராம்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "முடியும் நானா" என்று வந்துவிட்டது.

மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒவ்வொரு ஹோனாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, துருவைத் தேய்த்து, உள்ளே கரண்ட் தொடும் பொயின்ட்டை உப்புத்தாளால் சுத்தம் செய்தேன். முதல் ஹோன் வெள்ளிக்கிழமை காலையில் கத்தியது. நான் பயந்து ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டேன். எட்டாவது ஹோன் அன்று மாலையில் கத்தியது. ஒன்பதாவதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டேன்.

நசுங்கிய மூடியைத் திறந்தால், உள்ளே தகட்டோடு ஒட்டிக்கொண்டு கறுத்துப்போன ஒரு கட்டி. விரலால் அமுக்கினால் ரப்பர் மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. மரத்தில் பால் வடிந்து காய்ந்துபோகுமே, அந்த ஒட்டுப்பால். ருவான்வெல்லைப் பக்கம் வெள்ளம் வந்தால் ஒட்டுப்பால், சிரட்டை, தேங்காய் மட்டை எல்லாம்தானே மிதந்து வரும். அப்படித்தான் இதுவும் உள்ளே புகுந்திருக்கிறது என்று நினைத்தேன். பிளேடால் சுரண்டி எடுத்தேன். மூன்று துண்டாக வந்தது. தூக்கி எறியவில்லை. எந்த வேலையில் எதைக் கழற்றினாலும், வாடிக்கையாளர் வண்டியைக் கொண்டுபோய் இரண்டு வாரம் ஆகும்வரை அதை ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருப்பேன். எதுவும் எப்போதும் தேவைப்படலாம் என்ற பயம்தான். அந்த டின்னைப் பார்த்தாலே என் மனைவிக்குச் சிரிப்பு வரும்.

அதோடு விட்டிருக்கலாம். இறந்த மனிதர்களின் ஹோன், அதிலும் அந்த அக்கா கேட்கப் போகிறார், அதனால் சத்தம் மரியாதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடையில் இருந்த ஒரு புது ஹோனை முன்னால் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் பின்னாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்குரூ இருக்கும். அதைத் திருகித் திருகி ஒன்பதையும் அந்தப் புது ஹோன் மாதிரியே கரகரப்பு இல்லாமல் கத்த வைத்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி நின்று கேட்டாள். கோயில் மணி மாதிரி இருக்கிறது என்றாள். என் வேலையை நானே மெச்சிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பலகை, ஒரு பெட்டரி, அது செத்தால் இன்னொரு பெட்டரி, அதுவும் செத்தால் மூன்றாவது பெட்டரி, டூல்ஸ் பெட்டி, பால்மா டின், எல்லாவற்றையும் என் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். மேல் பக்கம் தேயிலை, கீழ்ப் பக்கம் ரப்பர், நடுவில் அந்த மைதானம். மழைக்கு விட்ட நாட்களுக்குப் பதிலாக அன்று ஞாயிறிலும் பால்வெட்டு நடந்துகொண்டிருந்தது. முப்பது சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஆட்களைப் பார்த்தால் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. ஒருவர் தலைமுடியை இன்னொருவர் இழுக்கிறார், இல்லாதவரின் வழுக்கையைத் தடவுகிறார். தோட்டத்துக் கல்யாண ஹோலில் பெரிய சட்டியில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

பத்து மணி இருக்கும். நானா மேல் டிவிசனுக்குப் போய் அந்த அக்காவைத் தன் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். சேலையை இழுத்துச் செருகி, தலையை விடப் பெரிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஒரு கையால் நானாவின் ஜாக்கெட்டைப் பிடித்தபடி வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. எல்லோரும் விளையாட்டை விட்டுவிட்டு நேராக நின்றார்கள். துக்க வீட்டு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி நானாவின் கையில் கொடுத்தார். "இந்த அண்ணே ஓட்டுற வேகத்துக்கு, நானும் அந்தப் பலகையிலதான் ஏறணும்" என்றார்.

மைதானமே வெடித்துச் சிரித்தது. தமிழ் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சிரித்தார்கள். அக்கா நேராகப் பலகையிடம் வந்து, ஒன்பதாவது ஹோனின் நசுங்கிய இடத்தை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கத்துமா தம்பி?"

"கத்தும் அக்கா."

என் வாழ்க்கையில் ஒரு வேலையைப் பற்றி இவ்வளவு தைரியமாக நான் பேசியதே இல்லை.

நானா பேர் கூப்பிட ஆரம்பித்தார். இருப்பவர்கள் கை தூக்கினார்கள். முதலாவதாக இறந்தவரின் பேர் வந்தது. சுவிட்சை அழுத்தினார்கள். பீம் என்று சுத்தமாகக் கத்தியது. எனக்கு உடம்பெல்லாம் இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. கதை சொன்னார்கள், சிரித்தார்கள். ஆனால் சத்தத்துக்கும் கதைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது, மூன்றாவது, அதே பீம். அதே இடைவெளி. கொக்கு மாதிரி உயரமான ஒருவர் பக்கத்தில் நின்றவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பழைய பயம் ஏறியது. வயர் சூடாகிறதா என்று தொட்டேன். பெட்டரியை மோந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒன்பதாவது பேர் வந்தது. சுவிட்சை நானாவே அழுத்தினார்.

பீம்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சாய்த்து, இன்னும் ஏதோ வரவேண்டியது இருப்பதுபோலக் காத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

"யாருண்ணே இது?" என்று நானாவைக் கேட்டார்.

உங்கள் வீட்டுக்காரர்தான் என்றார் நானா.

"அவரு இல்ல. இது யாரோ படிச்ச மனுசன்."

மறுபடியும் சிரிப்பு. அக்காவும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். சேலை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். "இதக் கேக்கவா வந்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

வேறு நாளாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வெள்ளத்தில் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த விரலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே ஒட்டுப்பால் மாதிரி அழுக்கு ஒன்று கிடந்தது, நான்தான் சுரண்டி எடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அது அழுக்கில்ல தம்பி. நான் வச்சது."

கல்யாணம் முடித்த புதிதில் ஒருநாள் மழையில் அக்காவின் வீட்டுக்காரர் கோயில் வளைவில் சறுக்கி விழுந்திருக்கிறார். ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஹோனின் மூடி நசுங்கித் தகட்டில் இடித்துக்கொண்டது. அழுத்தினால் வண்டு மாதிரி இரையும், சத்தம் வராது. அவர் புதிது வாங்கப் போகிறேன் என்றாராம். பால் வெட்டிவிட்டு வந்த அக்கா, கூடையில் கிடந்த ஒட்டுப்பாலில் கொஞ்சம் கிள்ளி நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறார். ஹோன் கத்தியது, ஆனால் தொண்டை கட்டியவன் மாதிரி. அவர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். வேறு சைக்கிள் மாற்றியபோதுகூட அந்த ஹோனைக் கழற்றிப் புது சைக்கிளில் பூட்டினார். முகாமில் எல்லோரும் அவரைக் கெம்பா என்றுதான் கூப்பிடுவார்களாம். சிங்களத்தில் தவளை.

நானா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். கத்த வேண்டும் என்று மட்டும் சொன்னேன், எப்படிக் கத்த வேண்டும் என்று சொல்லவில்லையே என்றார். அப்போதுதான் மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். ஒன்பதில் ஒன்றுகூட அந்தந்த ஆளின் சத்தம் இல்லையாம். நான் வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததைக் கண்டு, மனசு நோகக்கூடாது என்று எல்லோரும் சும்மா இருந்திருக்கிறார்கள். அந்தக் கொக்கு மனிதர் என் தோளில் கை போட்டார். சிங்களத்தில் மெக்கானிக்கைப் பாஸ் என்பார்கள். "ஒன்பது பேரையும் ஒரே பள்ளிக்கூடத்துல சேத்துட்டியே பாஸ், உசிரோட இருந்தப்ப ஒருத்தனும் அந்தப் பக்கமே போனதில்ல" என்று சிங்களத்தில் சொன்னார். நானும் அவர்கள் கட்சிதான் என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு.

திடீரென்று எனக்கு டின் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று கறுப்புத் துண்டும் அப்படியே இருந்தன. அக்கா உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார். இதேதான் என்றார்.

சூப்பர் குளூ போட்டு ஒட்டலாம் என்றார் ஒருவர். "கிழிஞ்ச சேலைக்கு ஆணியா அடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா மைதானத்து ஓரத்தில் இறங்கி முதல் ரப்பர் மரத்திடம் போனார். சிரட்டையில் பால் நிறைந்திருந்தது. விரலை முக்கினார். கீழே பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, எங்கள் கணக்குப் பாலைத் திருடுகிறாயா என்று சத்தம் போட்டாள்.

"என் புருசனுக்கு மருந்துடி" என்றார் அக்கா.

துண்டுகளை ஒவ்வொன்றாகப் பாலில் தொட்டு, முன்பு இருந்த இடத்திலேயே வைத்து அமுக்கினார். பழைய தழும்பு இருந்ததால் இடம் தெரிந்தது. ஆனால் பால் காய வேண்டுமே. கொக்கு மனிதர் தன் சைக்கிளை ஸ்டார்ட் செய்து எஞ்சினைச் சூடாக்கினார். அறுபது, எழுபது வயது ஆட்கள் ஆறு பேர் சுற்றிக் குந்திக்கொண்டு, ஹோன் தகட்டை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறி ஊதினார்கள். ஒருவர் கிட்டே பிடி என்கிறார், இன்னொருவர் வெந்துவிடும் என்கிறார். இடையிடையே கெம்பாவின் கதைகள். ஒருதரம் அவசரக் கடிதம் என்று மேலதிகாரி கொடுத்ததை முகாமுக்குப் பதிலாக இந்த வளைவுகளில் ஏறி வீட்டுக்கே கொண்டுவந்து, கேத்தலைக் கண்ட பிறகுதான் ஞாபகம் வந்து திரும்பினாராம். அக்காவுக்கே அது தெரியாது. "அதான் அன்னிக்கு தேத்தண்ணி குடிக்காம ஓடினாரா" என்றார்.

காய்ந்ததும் மூடியைப் பூட்டினேன். இனி ஸ்குரூ வேலை. எனக்கோ அந்தச் சத்தம் தெரியாது. ஆளாளுக்கு வாயால் கத்திக் காட்டினார்கள். ஒருவர் ஆடு மாதிரி, ஒருவர் எருமை மாதிரி. அக்கா எல்லோரையும் கையமர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்குரூவைக் கொஞ்சம் திருகி அழுத்தினேன்.

"இன்னும் பாலத்துக்கிட்டதான் இருக்காரு" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கால் சுற்றுத் திருகினேன். கரகரப்பு கொஞ்சம் வந்தது.

"டிஸ்பென்சரி தாண்டிட்டாரு."

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். மயிரிழை திருகினேன்.

"கோயில் வளைவு."

என் விரல் நடுங்கியது. நடுக்கத்தில் ஸ்குரூ தானாக ஒரு துளி நகர்ந்துவிட்டது. கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பயந்துகொண்டே அழுத்தினேன்.

ஒரு பெரிய கிழட்டுத் தவளைக்குச் சளி பிடித்து, அது யாரையோ செல்லமாகத் திட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். என் வேலை வாழ்க்கையில் இவ்வளவு மோசமான ஹோனை நான் கேட்டதில்லை.

அக்கா வாங்கிலிருந்து எழுந்தே விட்டார். கண்ணைத் திறக்காமலே, கை சேலையைச் செருகிக்கொண்டிருந்தது.

"கேத்தல வைக்கணும்" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு, நிறுத்த முடியாமல் தோள் குலுங்கியது. முப்பது பேரும் தங்கள் சைக்கிள்களுக்கு ஓடினார்கள். முப்பது ஹோன்களும் ஒன்றாகப் பதில் சொல்லின. தொழிலாளர் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. கீழே பால் வெட்டிய பெண்கள் கத்தியை வைத்துவிட்டு மேலே பார்த்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் கொக்கு மனிதர் என்னை நோக்கி விரலை நீட்டினார். "பாஸ் அழுறான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

நான் அழுததே எனக்குத் தெரியாது. கன்னத்தைத் தொட்டால் ஈரம். சட்டம் சட்டம்தான். சாப்பாடு முடிந்ததும் பைப்படியில் குந்தி முப்பது பிளேட்டையும் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் நானாவும் வந்து பக்கத்தில் குந்தினார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. சைக்கிள் புகை என்றார். நான் தேங்காய்த் தும்பில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன். அக்கா இடுப்பில் கை வைத்து நின்று, இந்தப் பிளேட்டில் சோற்றுப் பருக்கை, அந்தப் பிளேட்டில் எண்ணெய் என்று எங்களை மேய்த்தார். கழுவி முடிவதற்குள் ஒவ்வொருவராக வந்து, மற்ற எட்டுப் பேரின் ஹோன் முன்பு எப்படிக் கத்தும் என்று வாயால் செய்து காட்டினார்கள். ஒன்று வாத்து. ஒன்று அழுத்திக் கொஞ்சம் பொறுத்துத்தான் கத்தும், அந்த மனிதரும் எதற்கும் லேட்டாம். எல்லாவற்றையும் திரும்பக் கெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள்.

பலகை இப்போது என் கடையில்தான் இருக்கிறது. வெள்ளம் வராத இடம். யாராவது இரண்டு பேர் அவ்வப்போது சைக்கிளில் வந்து இறங்குவார்கள். வாயால் கத்திக் காட்டுவார்கள், நான் ஸ்குரூவைத் திருகுவேன், சந்தில் போகிறவர்கள் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பச்சை ஜாக்கெட்டைக் கண்டால் இப்போது என் கை சட்டைப் பைக்குப் போவதில்லை, ஸ்குரூடிரைவருக்குத்தான் போகிறது. பூட்டை இன்னும் திரும்பி வந்து இழுத்துத்தான் பார்க்கிறேன். அது மாறாது. அந்த டின்னையும் என் மனைவி இப்போது கேலி செய்வதில்லை, தினமும் துடைத்து வைக்கிறாள்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. யார் எதைக் கொண்டுவந்தாலும், மூடியைத் திறப்பதற்கு முன், உள்ளே நீங்கள் வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அழுக்கு என்று நான் சுரண்டப் போகும் இடத்தில் யாருடைய விரல் பட்டிருக்கிறது என்று, கேட்காமல் எனக்கு எப்படித் தெரியும்?